முறைப்படி அணைக்கப்பட்ட தீ

மலைக்கும் கடலுக்கும் நடுவே சீர்நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு, இவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஐந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த முறை அரியணை ஏறிய நெடுமுடியனுக்கு எந்த வேலையை முதலில் செய்வது என்பதில் ஓயாத குழப்பம். பல் துலக்கப் போனவர் பாதியில் அண்டை நாட்டின் மீது போர் அறிவித்துவிட்டு வருவார். அவருடைய ஒழுங்கமைச்சர் வரிசைநாதர் ஒருநாள் நான்கு கொடிகளை நீட்டினார். உடனே செய்ய வேண்டிய வேலைக்குச் சிவப்பு, இன்றைக்குள் என்றால் மஞ்சள், நாளைக்கு என்றால் பச்சை, செய்யாவிட்டாலும் குடிமுழுகாது என்றால் வெள்ளை. மன்னர் அப்படியே செய்து பார்த்தார். நண்பகலுக்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டது! சிம்மாசனத்தில் உட்கார முடியாமல் துள்ளினார்.

"இந்த இன்பம் என் குடிமக்கள் எல்லோருக்கும் கிடைத்தாக வேண்டும்! பெற மறுப்பவர்களைச் சிறையில் அடையுங்கள்!"

நாடெங்கும் முரசு கொட்டிக் கொடிகள் கொடுத்தார்கள். அரண்மனைக் களஞ்சியத்தை ஒட்டிய தெருவில் கஞ்சிக்கடை வைத்திருந்த அஞ்சுகமும் நான்கு கொடிகளை வாங்கி வந்தாள். அவளுக்கு அது பிடித்துத்தான் போனது. உலைக்குச் சிவப்பு, பாத்திரம் துலக்க மஞ்சள், நாத்தனாருக்குப் பதில் சொல்ல வெள்ளை. களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் அவள் கணவன் சடையன் மதியம் சாப்பிட வந்தபோது, அவள் அவனுக்கு எதிரில் தட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, கல்யாணம் ஆனதுலேருந்து நான் உட்கார்ந்து சாப்பிடறது இன்னிக்குத்தான்."

"அப்போ ராசா நல்லவருதான்" என்றான் சடையன், வாய் நிறையச் சோற்றோடு.

மன்னர் அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இவ்வளவு பெரிய இன்பத்தைக் குடிமக்கள் கையிலேயே விட்டுவைப்பது ஆபத்து என்று வரிசைநாதர் எடுத்துச் சொன்னார். எந்த வேலைக்கு எந்தக் கொடி என்பதை இனிக் கொடி அலுவலகமே முடிவு செய்யும் என்று ஆணை பிறந்தது. சிவப்பு வேலை பாக்கி இருக்கும்போது வேறு நிறத்தைத் தொடுவது குற்றம். கொடியே இல்லாமல் வேலை செய்வது அதைவிடப் பெரிய குற்றம். அதிகம் சிவப்பு வைத்திருக்கும் அதிகாரிக்குப் பதவி உயர்வு.

அதன் பிறகு எந்த அதிகாரி தன் வேலைக்கு மஞ்சள் போடுவார்? மன்னரின் மீசைக்கு எண்ணெய் தடவுவது சிவப்பானது. வரிசைநாதரின் பேரனுக்குக் காது குத்துவது சிவப்பானது. மன்னரின் பிறந்தநாள் விழா சிவப்பானது. அஞ்சுகத்தின் கடை வாசலில் அடைத்துக்கொண்ட சாக்கடைக்கு வெள்ளை கிடைத்தது. அவள் கொடி அலுவலகத்துக்குப் போனாள்.

"நாத்தம் தாங்கலைங்கய்யா. சாப்பிட ஆள் வரமாட்டேங்குது."

"அம்மையீர், நாற்றம் நாளையும் இருக்கும். மன்னரின் பிறந்தநாள் அப்படியா? போனால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்" என்றார் அதிகாரி, உண்மையான கனிவோடு.

எல்லாம் சிவப்பானதால் சிவப்புத் துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. வீடு வீடாகப் புடவைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவற்றுக்குச் சாயம் ஏற்ற, காலியிடம் இருக்கிறதே என்று களஞ்சிய முற்றத்திலேயே பெரிய அடுப்புகளை மூட்டினார்கள். காற்று பலமாக அடித்த ஒரு பிற்பகலில், அந்த அடுப்பிலிருந்து பறந்த பொறி களஞ்சியக் கூரையில் விழுந்தது. உள்ளே நாட்டின் ஓராண்டு நெல் இருந்தது. சடையனும் இருந்தான்.

அஞ்சுகம் தீயணைப்புச் சாவடிக்கு ஓடினாள். தலைவர் வாசலில் நின்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஐயா, களஞ்சியம் எரியுது! என் வீட்டுக்காரரு உள்ளே இருக்காரு!"

"எரிகிறது, சரி. என்ன நிறத்தில்?"

"தீ என்ன நிறத்துலய்யா எரியும்?"

"கொடியைக் கேட்டேன், அம்மா. கொடி இல்லாமல் வண்டி நகராது. பிறந்தநாள் அலங்கார வளைவுகளைக் கழுவும் வேலை எனக்கு முன்பே சிவப்பில் இருக்கிறது."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. திரும்பி ஓடி வந்து தெருவின் நடுவில் நின்று கத்தினாள்.

"குடத்தை எடுங்கடீ! கிணத்துலேருந்து வரிசையா நில்லுங்க! ஓடியா, ஓடியா!"

தெருவே இறங்கி வந்தது. குடம், அண்டா, கஞ்சிப்பானை, குழந்தை குளிக்கும் தொட்டி என்று கைக்குக் கை தண்ணீர் பறந்தது. இரும ஆரம்பித்தவர்களை இழுத்துவிட்டு அடுத்தவர்கள் உள்ளே போனார்கள். புகைக்குள்ளிருந்து சடையன் வெந்துபோன வலது கையோடு வெளியே வந்து விழுந்தபோது, அஞ்சுகம் அழுதுகொண்டே அவன் தலையிலும் ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். பொழுது சாய்வதற்குள் தீ அணைந்தது. பாதி நெல் தப்பியது. தெருவில் ஒரே கூச்சல், சிரிப்பு, கட்டிப்பிடிப்பு!

மறுநாள் காலையில் அவளைக் கைது செய்தார்கள்.

அவையில் வரிசைநாதர் எழுந்தார். "மன்னவா, கொடியின்றிச் செய்த வேலை சட்டத்தின் கண்களுக்குத் தெரியாது. ஆகவே அந்தத் தீ இன்னும் அணைக்கப்படவில்லை."

"வந்து தொட்டுப் பாருங்கய்யா, சில்லுனு இருக்கு" என்றாள் அஞ்சுகம்.

"தொட்டுப் பார்க்கப் பச்சைக் கொடி தரலாம். நாளை பார்ப்போம்."

மன்னருக்கு உற்சாகம் பொங்கியது. "எதற்கு நாளை வரை? இன்றே மீண்டும் பற்றவைத்து, முறைப்படி அணைத்துவிடுவோம்! இந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள், அவளும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்!"

அவை கைதட்டியது. மாலையில் மேளதாளத்தோடு விழா தொடங்கியது. வாணவேடிக்கை விட்டார்கள். வரிசைநாதர் தம் கையாலேயே வைக்கோலில் நெருப்பு வைத்தார். தீயணைப்பு வண்டியும் இம்முறை முதலிலேயே வந்து நின்றது. ஆனால் தீயின் அருமை பெருமைகளைப் பற்றி முதலில் மன்னர் பேச வேண்டும், பிறகு வரிசைநாதர், அதன் பிறகுதான் கொடியேற்றம். வரிசைநாதர் மன்னரைப் போற்றிக்கொண்டிருந்தபோதே களஞ்சியம் சரிந்தது. அஞ்சுகமும் தெருக்காரர்களும் மறுபடி குடங்களோடு ஓடினார்கள். அவர்களால் வீடுகளை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. நெல் ஒரு மணிகூட மிஞ்சவில்லை. சாம்பல் ஆறிய பிறகு சிவப்புக் கொடி கம்பீரமாக ஏறியது. வண்டி தண்ணீரைப் பீய்ச்சியது. எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள்.

அந்த ஆண்டு சீர்நாடு பசியில் வாடியது. கஞ்சிக்கடையில் கஞ்சி இல்லை. சடையனின் வலது கைவிரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. மன்னர் மீது மக்களுக்குக் கோபம் கொதித்தது. ஐந்தாண்டு முடிந்து தேர்தல் வந்தது. மன்னரை எதிர்த்து வரிசைநாதரே நின்றார். "தீயை முறைப்படி அணைத்தவர்!" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். வரலாறு காணாத வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார்.

அன்று அந்தி சாயும் நேரத்தில் வெற்றி ஊர்வலம் களஞ்சியத் தெருவுக்குள் நுழைந்தது. ஆட்டம், பாட்டம், விசில். வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தீப்பந்தம். தெருவின் இருபுறமும் ஓலைக் கூரைகள்.

"பொறி பறக்குது, அஞ்சுகம்" என்றான் சடையன்.

அவள் இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி எழுந்தாள். அவளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி. ஊர்வலம் நெருங்கியபோது அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும், இடுப்பில் தளும்பும் குடங்களோடு இருபுறமும் நின்றார்கள். யாருடைய கண்ணும் புதிய மன்னரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் பந்தங்களின் மேல் இருந்தன.

தேரில் நின்ற மன்னர் வரிசைநாதருக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

"பாருங்கள்! கொடி ஏதும் கொடுக்காமலேயே, பூரண கும்பத்தோடு என்னை வரவேற்க வந்திருக்கிறார்கள்!" என்று கைகூப்பி, இன்னும் ஆயிரம் பந்தங்களைக் கொளுத்தச் சொன்னார்.