ஜெர்மனிக்குப் போகாத காகிதம்

விழுப்புரத்தில் ரகசியம் காக்கத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாம், நான் உட்பட, ஓட்டைவாய். அவருக்கு நாங்கள் வைத்த பேர் வாய்ப்பூட்டு. எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் குடும்பக் கணக்கெடுப்புப் படிவங்கள் அத்தனையும் அவர் பீரோவில்தான் இருந்தன. யார் வீட்டில் என்ன வியாதி, யார் எந்த வேளை பட்டினி, எல்லாம் அதில் உண்டு. "வெளியில சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணி எழுதிக்கினு வந்ததுய்யா" என்பார். எங்களை அந்தப் பீரோ பக்கமே விடமாட்டார்.

அந்தப் பழக்கம் அவருக்கு உடம்பெல்லாம் ஊறிவிட்டது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கையில் "என்ன கொழம்பு சார்?" என்று கேட்டால், "அது குடும்ப விவரம்" என்பார். வீடு கூட்டேரிப்பட்டில். ஆனால் பஸ்ஸில் அதையும் தாண்டித் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்குவார். இறங்கும் இடம் கண்டக்டருக்குத் தெரியக் கூடாதாம். கண்டக்டரோ கூட்டேரிப்பட்டு வந்ததும் யாரும் கேட்காமலே விசில் அடிப்பார்.

இந்த மனுஷனிடம்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா வந்து மாட்டினார். நன்றாகத் தமிழ் பேசுவார். மரக்காணம் பக்கத்துக் கிராமங்களில் புருஷன் துணையில்லாமல் பெண்ணே நடத்தும் குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி. டெல்லியிலிருந்து அனுமதிக் கடிதமும் இருந்தது. வாய்ப்பூட்டு சார் அந்த அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, படிவங்களில் பெயரையெல்லாம் காலண்டர் அட்டையால் மூடி மூடிக் காட்டினார். ஒரு படிவத்தில் ஆள் எண்ணிக்கையையும் மூடினார்.

"அது வெறும் நம்பர்தானே சார்?" என்றார் அந்த அம்மா.

"அத்தினி பேர் இருக்கிற வீடு அந்த ஊர்ல ஒண்ணுதாம்மா. யாருன்னு தெரிஞ்சுடும்."

அந்த அம்மா ஊர் திரும்பியதும் வந்தது சிக்கல். பேராசிரியர் இன்னொரு அட்டவணை கேட்கிறார். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது, நாலு வருஷ உழைப்பு வீண். படிவங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பச் சொல்லிக் கெஞ்சி ஃபேக்ஸ் வந்தது. எங்கள் ஆபீசரே இளகிவிட்டார்.

"அனுப்பித் தொலைங்க சார். ஜெர்மனிக்காரனுக்கு நம்ம ஊர்ல யாரைத் தெரியப்போவுது?"

"ஜெர்மனிக்காரனுக்குத் தெரியாது சார். நடுவுல இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரன் மரக்காணத்துக்காரன்."

வழியையும் வாய்ப்பூட்டு சாரே சொன்னார். "எதை எப்படி எண்ணணும்னு அவங்க எழுதி அனுப்பட்டும். இங்க நான் எண்ணுறேன். விடை மட்டும் ஜெர்மனிக்குப் போவட்டும். பேப்பர் பீரோவை வுட்டு நவுராது."

அப்படியே எண்ண ஆரம்பித்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு மல்லாட்டைப் பயிறு, அதாவது வேர்க்கடலைப் பருப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீடு ஒரு குவியல், போகாத வீடு ஒரு குவியல். வறுத்த பயிறு வேறு, மேஜை கமகமத்தது. நாலாம் நாள் பேச்சுவாக்கில் நான் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "எந்தக் குவியல்லேர்ந்துய்யா எடுத்தே?"

"தெரியலீங்க சார்."

"எத்தினி குடும்பத்தைய்யா தின்னே?"

சார் மறுபடி முதலிலிருந்து எண்ணினார், இந்த முறை புளியங்கொட்டையில். மூன்று வாரத்தில் அட்டவணை போனது, அந்த அம்மாவுக்குப் பட்டமும் கிடைத்தது. புத்தகத்தில் நன்றி போட சாருடைய முழுப் பெயர் வேண்டும் என்று கேட்டு எழுதினார். "தனிநபர் விவரம் தருவதற்கில்லை" என்று பதில் போட்டுவிட்டார் சார்.

சில வருஷம் கழித்து மயிலத்தில் என் தங்கை கல்யாணம். ஆபீசே திரண்டு வந்திருந்தது. என் அப்பா எங்களை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போனவர். ஆபீசில் நான் அதைச் சொன்னதில்லை. பம்பாயில் வேலை என்று கதை விட்டிருந்தேன். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று அதை நீட்டியும் வைத்திருந்தேன். வாய்ப்பூட்டு சார்கூட மழைக்காலத்தில், "பம்பாய்ல பேய்மழையாம்ய்யா. அப்பாவைக் கொடை எடுத்துக்கினு போவச் சொல்லு" என்பார்.

பந்தலில் அவரைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். "நீங்கதானே சார், இவன் காலேஜ் படிக்கச்சே நம்ம வூட்டுக்குக் கணக்கெடுக்க வந்தது? இவங்கப்பா எங்களை வுட்டுட்டுப் போனதை உங்ககிட்டதானே சொல்லி அழுதேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமும் என் புளுகைத் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார்.

வாய்ப்பூட்டு சார் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். "இல்லீங்கம்மா. உங்களை நான் இப்பத்தான் மொதல்மொதலாப் பாக்குறேன்."

நான் அவர் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போனேன். என் கையாலேயே பரிமாறினேன். பெற்ற அப்பனே வந்து உட்கார்ந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.