விசாரிப்பர் விசாரித்த வெள்ளைக்காரச் சம்பந்தம்

ஒஸ்லோவில் ஒரு யாழ்ப்பாணத்துக் கல்யாணம் நடக்க மூன்று விஷயம் தேவை: ஒரு பெண், ஒரு மாப்பிள்ளை, விசாரிப்பருடைய ‘ஓம், செய்யலாம்’. முதல் இரண்டில் ஒன்று குறைந்தால்கூட எப்படியாவது சமாளித்திருப்பார்கள். மூன்றாவது இல்லாமல் மண்டபம் பார்க்கப் போன ஆளை நான் கண்டதில்லை.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் அவர் எனக்கு மேல்வீடு. கதவில் அவருடைய சொந்தப் பெயர் ஒட்டித்தான் இருந்தது. அதை வாசித்தவர் தபால்காரர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அவர் விசாரிப்பர்.

பஸ் ஓட்டுவது தொழில், சம்பந்தம் விசாரிப்பது உயிர். தமிழ் முகம் ஒன்று பஸ்ஸில் ஏறினால், “தம்பி ஊரிலை எவடம்?” என்று கேட்பார். பதில் வரும்வரை பஸ் நகராது. பின்னால் வெள்ளைக்காரர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். மற்ற பஸ்கள் பனியால் பிந்தும். இவருடைய பஸ், பயணியின் பாட்டனார் எந்தக் கோயிலடி என்ற குழப்பத்தால் பிந்தும்.

இத்தனைக்கும் அவர் வம்புக்காரர் அல்ல. பயந்தவர். பனி கொட்டினால் கூரை தாங்குமோ என்று பயம். கொட்டாவிட்டால் பனிக்கு என்ன நடந்ததோ என்று பயம். “தம்பி, நாங்கள் ஊரைவிட்டு வந்த ஆக்கள். இஞ்சை பிள்ளையளைக் குடுக்கிற இடத்திலை என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? விசாரிக்காமல் விட்டால் கிணத்துக்குள்ளை தள்ளினது மாதிரி” என்பார். ஒரு பெடியனின் பெயர் கிடைத்தால் போதும். லண்டன், ரொறொன்ரோ, மெல்பேர்ன் என்று ரெலிபோன் கார்ட்டுகளைச் சுரண்டிச் சுரண்டி, அவனுடைய பூட்டனாருக்கு இழுப்பு இருந்ததுவரை கண்டுபிடித்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

“தம்பி, மகள் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தவள்.”

“நல்ல விஷயம்தானே அண்ணை? ஊரிலை எவடமாம்?”

“இங்கிலாந்து.”

“லண்டன் பெடியனோ? அப்ப சுகமாய் விசாரிக்கலாமே.”

“லண்டன் தமிழன் இல்லையடாப்பா! வெள்ளைக்காரன்!” என்று கதிரையில் விழுந்தார். “நான் ஆரிட்டைப் போய் விசாரிப்பன்?”

மகள் தர்சினி வேலை செய்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலைக்கு வந்து சேர்ந்தவன் டானியல். பூனைக்குட்டி மாதிரிச் சாதுவான பெடியன். விசாரிப்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன்” என்றார், நாக்குக்குப் பழகிப்போன வசனம். தர்சினி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வெள்ளைக்காரக் குடும்பத்தை இவர் எப்படி விசாரிப்பார் என்று நினைத்திருப்பாள்.

முதலில் டானியலைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். அப்பப்பா பெயரென்ன, அவருடைய தகப்பன் பெயரென்ன, எந்தக் கிராமம் என்று அன்பாகக் கேட்டார். யோர்க்சயர் பக்கம் ஒரு கிராமம், அப்பப்பா ஆதர் அங்கேதான் இருக்கிறார், அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று அவனும் சந்தோஷமாகச் சொன்னான். தன்னை ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதேயில்லை என்று தர்சினியிடம் உருகினானாம், பாவம்.

அடுத்தது நான். கப்பல் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை, ஆங்கிலம் ஓடும், வீட்டில் இன்டர்நெட்டும் இருந்தது. பின்னேரங்களில் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு என் தோளுக்கு மேலால் திரையைப் பார்ப்பார். பக்கம் மெல்ல மெல்லத் திறக்கும்; அவர் நகத்தைக் கடிப்பார். வெள்ளைக்காரன் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் அடக்கத்தையும் தேவாலயத்தில் பதிந்து வைத்திருந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். “எங்கடை ஐயர்மார் இப்பிடிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்!”

டானியலின் முன்னோரில் கொல்லன் ஒருவர் வந்தார். “பரவாயில்லை.” ஆலைக்காரர் ஒருவர் வந்தார். “நல்லது.” பிறகு ஆடு களவெடுத்து, தண்டனையாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒருவர் வந்தார். விசாரிப்பர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஆட்டுக்கள்ளன்!”

“அண்ணை, அது நூற்றைம்பது, இருநூறு வருசத்துக்கு முந்தின கதை.”

“இரத்தம் தம்பி, இரத்தம்!”

அன்றைக்கே மெல்பேர்ன் சிநேகிதருக்குப் போன் போனது. அவர் வார விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு போய், கள்ளனுடைய வழித்தோன்றல்களைக் கண்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தார். மிக மரியாதையான ஆக்களாம். பெரிய பண்ணை, ஆயிரக்கணக்கில் ஆடு.

விசாரிப்பர் அப்போதும் விடவில்லை. “எல்லாம் வாங்கினதோ எண்டு கேட்டவரோ?”

லண்டனில் இருந்த மைத்துனர் சிவத்தை யோர்க்சயருக்கு ரயிலேற்றினார். சிவம் கிராமத்துச் சேமக்காலையில் மழைக்குள் நின்று ஆதருடைய தாய் தகப்பனின் பாசி மூடிய கல்லறையைச் சுரண்டித் துடைத்துப் படமெடுத்து அனுப்பினார். படத்தைப் பெரிதாக்கி நான் வாசித்தேன்: ‘ஆதருக்கும் லெனாட்டுக்கும் அன்பான பெற்றோர்.’

“லெனாட் ஆர்?” என்றார்.

எனக்கும் திக்கென்றது. டானியலைக் கேட்டால் லெனாட் என்று ஒருவரையே தெரியாது என்றான். விசாரிப்பருடைய அனுபவத்தில் ஒரு குடும்பம் ஒரு ஆளை மறைத்தால் அதற்கு மூன்றே காரணம்: களவு கொலை செய்து மறியல், மூளை குழம்பி விசர், இல்லையென்றால் தற்கொலை. அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் ஏறின தமிழர்களை ஒன்றும் கேட்கவில்லை. பஸ் நேரத்துக்குப் போனது. சனம் பயந்துபோய் என்னிடம் அவருடைய சுகம் விசாரித்தது.

சிவம் திரும்பவும் போனார். தேவாலயத்தில் பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கதையைச் சொன்னார். லெனாட் மூத்தவர். ஐரிஷ் கத்தோலிக்கப் பெண் ஒருத்தியை விரும்பினார். தகப்பன், அவளைக் கட்டினால் இந்தப் படலையைத் திரும்ப மிதிக்காதே என்றார். லெனாட் கட்டினார். கனடாவுக்குக் கப்பலேறினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல விடவில்லை. கல்லில் எழுதுவித்தது தாய், சாகமுந்திப் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டதாம்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைப் பார்த்தபடியே விசாரிப்பர் இருந்தார். மறியலுமில்லை, விசருமில்லை. அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவர் மெல்லக் கேட்டார்: “தம்பி, ஒரு பிள்ளை போனால் பிறகு வராதோ?”

மேலே தர்சினி நடக்கிற சத்தம் கேட்டது.

ரொறொன்ரோவில் இருந்த மருமகள் முறையான கௌரி ரெலிபோன் டிரக்டரியில் அந்தக் குடும்பப் பெயரைத் தேடித் தேடி அடித்தாள். ஏரிக்கரைப் பட்டினம் ஒன்றில் ஒரு கிழவர் எடுத்தார். ‘யோர்க்சயரில் உங்களுக்கு’ என்று தொடங்கவே, தனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்று வைத்துவிட்டார். மறுநாள் கௌரி ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு நேரே போய்க் கதவைத் தட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் கிழவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: “ஆதர் உயிரோடு இருக்கிறானா?”

லெனாட்டின் மனைவி செத்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து மனிதர் போனை விட்டு அசையவில்லையாம்.

விசாரிப்பருக்கு இப்போதுதான் உண்மையான நடுக்கம் பிடித்தது. அடுத்த ஞாயிறு டானியலின் தாய் தகப்பனும் ஆதரும் ஒஸ்லோவுக்கு வருகிறார்கள். மேல்வீட்டில் மத்தியானச் சாப்பாடு.

“சொன்னால், உளவு பாத்தனெண்டு கல்யாணத்தைக் குழப்புவினம். தர்சினி என்ரை முகத்திலை முழிக்காள். சொல்லாட்டில்... அந்த மனிசன் அங்கை போனுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டிருக்கிறான், தம்பி.”

ஞாயிறு வந்தது. ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் பிடித்து இருத்தினார். நண்டுக்கறி, இறால் பொரியல், புட்டு. ஆதர் உயரமான, வார்த்தையை அளந்து பேசுகிற கிழவர். விசாரிப்பர் சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிளாஸை எடுத்து எடுத்து வைத்தார். மனைவி மனோ அக்கா, “இஞ்சையப்பா, சாப்பிடுங்கோவன்” என்றார். அவர் எழும்பி நின்றார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலமெல்லாம் பறந்துவிட, மிஞ்சினது ஒரு வசனம்.

“சேர், உங்கள் அண்ணன் லெனாட் சுகமாக இருக்கிறார்.”

முள்ளுக்கரண்டி ஒன்று சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. “எந்த அண்ணன்?” என்றார் டானியலின் தகப்பன். தட்டுத்தடுமாறி நான் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கல்லறையைப் படமெடுத்த கட்டத்துக்குக் கதை வந்தபோது டானியலின் தாய் முகம் சிவந்தார். “எங்கள் குடும்பத்தைத் துருவ உங்களுக்கு யார் உரிமை தந்தது?” தர்சினி எழும்பினாள். “அப்பா, எவ்வளவு பின்லி!” என்று அழுதுகொண்டே குசினிக்குள் ஓடினாள். நோர்வே மொழியில் ‘பின்லி’ என்றால் மானக்கேடு.

ஆதர் மட்டும் அசையவில்லை. கடைசியில், “நான் தேடவில்லை,” என்றார். “தேடினால், செத்துவிட்டான் என்று பதில் வந்துவிடுமோ என்று பயம். தேடாவிட்டால் எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம்.” பிறகு விசாரிப்பரை நிமிர்ந்து பார்த்தார். “உங்களிடம் நம்பர் இருக்கிறதா?”

விசாரிப்பர் கார்ட்டைச் சுரண்டினார். இரண்டு தரம் பிழையான நம்பர் அடித்தார். மூன்றாம் தரம் மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை, அங்கே எடுத்துவிட்டார்கள்.

“லென்?” என்றார் ஆதர். பிறகு, “ஓம்... ஓம்... இங்கேயும் குளிர்தான். அங்கே பனி விழுகிறதா?”

விசாரிப்பர் என் காதுக்குள் பதறினார். “அரை நூற்றாண்டுக்குப் பிறகு கதைக்கிறான், குளிரைப் பற்றிக் கதைக்கிறான்! கார்ட்டிலை நிமிசம் போகுது, கேட்கச் சொல்லு!”

என்ன கேட்கச் சொல்ல? இருவரும் பனியைப் பற்றியே கதைத்தார்கள், கார்ட் முடியும்வரை. ரிசீவரை வைத்துவிட்டு ஆதர் கதிரைக்குத் திரும்பி, நண்டை எடுத்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. “கொஞ்சம் உறைப்பு,” என்றார். மனோ அக்கா இன்னும் இரண்டு கரண்டி போட்டார். டானியலின் தாய் கதவடியில் நின்ற தர்சினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

போகும்போது ஆதர் விசாரிப்பரின் கையைப் பிடித்தார். “எங்களைப் பற்றி விசாரிக்க இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா?”

விசாரிப்பர் அதைப் பகிடி என்று விளங்கிக்கொள்ளவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “உங்கள் மனைவியின் பக்கம் இன்னும் பார்க்கவில்லை, சேர்.”

கோடையில் கல்யாணம் நடந்தது. கௌரியின் கையைப் பிடித்துக்கொண்டு லெனாட் வந்தார். விமானம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் விசாரிப்பர் காலையிலேயே விமான நிலையத்துக்குப் போய்க் காவலிருந்தார். மணவறைக்கு முன்னால் இரண்டு கிழவர்களும் ஒட்டி உட்கார்ந்து, முழங்காலில் வாழையிலைத் துண்டை வைத்துக்கொண்டு வடை தின்றார்கள்.

சில வருடங்களில் தர்சினிக்கும் டானியலுக்கும் பேர்கன் நகர ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பேரப்பிள்ளையும் வர, விசாரிப்பரும் மனோ அக்காவும் வீட்டை விற்றுவிட்டு அங்கே போனார்கள். புதிய ஆட்கள் பின்னேரம் வருவார்கள் என்று கதவுத் திறப்பை என்னிடம் தந்தார். கார் கிளம்பி வளைவுவரை போய் நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

“தம்பி! அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டு ஒருக்கால் பார்!”

மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். அடுப்பு நின்றுதான் இருந்தது. ஆனாலும் உடனே இறங்கி வர மனமில்லாமல், ஒவ்வொரு யன்னலும் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.