மச்சான் தலைக்கு மேல் ஒரு ஃபேன்

எதற்கும் உதவாத ஒரு பொருளைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்கள் பக்கம் பிறக்கக் கூடாது. திருச்சுழியில் யாரிடமாவது "நான் ஒரு என்ஜின் செய்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை அடியில இருந்து தண்ணி எடுக்கும்?" என்பதுதான் அடுத்த கேள்வி. என் என்ஜின் ஒரு டம்ளர் உயரம். அடியில் சின்ன ஸ்பிரிட் விளக்கு. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து சுருங்க, சக்கரம் சுற்றும். அவ்வளவுதான். சுற்றுவதைப் பார்க்கலாம். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இதையெல்லாம் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அருப்புக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் நிற்கிறேன். கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். கேட்காததைச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

ஒரு மில்லில் கழித்துப் போட்ட சின்ன லேத்தை வாங்கிப் பின்னறையில் வைத்திருந்தேன். போனில் வீடியோ பார்த்துத்தான் கடைசல் பழகினேன். ஆனால் வீடியோக்காரர்கள் யாரும் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்கள் இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, லேத்தின் காலுக்கடியில் தகடு செருகி, மட்டமாக நிறுத்திவிட்டு நிமிர்வேன். ஒரு மழை பெய்யும். கரிசல் மண் உப்பி, வீடு ஒரு பக்கமாக எழும்பிக்கொள்ளும். அதன் பிறகு எதைக் கடைந்தாலும் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து கேரட் மாதிரி வரும். (கேரட் வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ள மாட்டேனா?) மறுபடி ரசமட்டம், மறுபடி தகடு. வெயில் அடித்தால் வீடு இறங்கிவிடும்.

என் மனைவி செல்விக்கு அந்த அறையில் மாவு மெஷின் போட வேண்டும். நியாயமான ஆசை. அவளுடைய அண்ணன், என் மச்சான், பாலவனத்தத்தில் போர்வெல் மோட்டார் வியாபாரம் செய்கிறவர். அதனால் என்ஜின் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"மாப்ள, இம்புட்டு நாளா உருட்டுறீக. ஒரு வாளி தண்ணி எடுத்திருக்கா இது?"

"இது தண்ணிக்கு இல்ல மச்சான்."

"பெறகு எதுக்கு?"

"சும்மா" என்றேன். இதைவிடக் கேவலமான பதிலை யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வாரமே அவர் நரிக்குடியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவரை லேத்தை விலைக்கு வாங்க ஆளாகப் பிடித்துவிட்டார். அப்போதுதான் என் வாய், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, தானாகத் திறந்தது. "ஆயுத பூஜைக்கு ஓட்டிக் காட்டுறேன். ஓடலைன்னா லேத்தைத் தூக்கிட்டுப் போங்க."

ஆயுத பூஜையும் வந்தது. பின்னறையில் லேத்துக்குச் சந்தனப் பொட்டு, மிக்சிக்குப் பொட்டு, அரிவாள்மணைக்குப் பொட்டு. பொரியும் சுண்டலும் ஒரு பக்கம். நரிக்குடிக்காரர் லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விளக்கை ஏற்றினேன். சுடர் எழுந்தது. எழுந்த வேகத்தில் ஃபேன் காற்றுக்குப் படுத்துவிட்டது. என்ஜினை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சுண்டலுக்குச் சூடு காட்டியது. சக்கரத்தைச் சுண்டினேன். இரண்டு சுற்று சுற்றி நின்றது. மறுபடி சுண்டினேன். மறுபடி நின்றது.

ஃபேனை அணைக்க வேண்டும். "ஃபேன அமத்துங்க", இரண்டே சொல். ஃபேனைப் பார்த்தேன். மச்சானைப் பார்த்தேன். அவர் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான்... இந்தக் காத்து..."

"ஆமா மாப்ள, காத்தே வரல. கொஞ்சம் கூட்டி வைங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய், என் கையாலேயே, ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நடந்ததைக் கேட்கவா வேண்டும்? "கையாலதான் சுத்தணும்னா ராட்டையே வாங்கிருக்கலாமே மாப்ள" என்றார் மச்சான். நரிக்குடிக்காரர் லோடு வண்டிக்குப் போன் போட்டார். செல்வி அறையின் அகலத்தைச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தாள்.

என் மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. "சாமி கும்புடாம ஆரம்பிச்சா எப்பிடி ஓடும்? மொதல்ல சூடத்தக் காட்டுவோம். ஏ செல்வி, ஃபேன அமத்து, சூடம் அணைஞ்சிரும்."

ஃபேன் நின்றது. மச்சான் சூடத்துக்காக எழுந்து, சட்டைப் பொத்தான்களை மாட்டிக்கொண்டு கைகூப்பினார். அத்தை தட்டை ஏந்தி லேத்துக்குச் சுற்றினார், மிக்சிக்குச் சுற்றினார், நிலைப்படிக்குச் சுற்றினார். அதற்குள் என் விளக்கின் சுடர் நிமிர்ந்து நின்று, என்ஜினின் அடியை நன்றாகக் காய்ச்சிவிட்டது. கடைசியாகத் தட்டை என்ஜினுக்கு முன்னால் காட்டி, "இப்பத் தொட்டு விடுங்க மருமகனே" என்றார்.

தொட்டேன். டிக் டிக் டிக்கென்று பிடித்துக்கொண்டு சக்கரம் கண்ணுக்குத் தெரியாமல் பறந்தது.

"ஆத்தா!" என்றார் அத்தை. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நரிக்குடிக்காரர் செருப்பைக் கழற்றினார்.

"இல்ல... ஃபேனு..." என்றேன்.

"ஃபேனா? போடுறேன், போடுறேன்" என்று செல்வி போட்டாள். சுடர் படுத்தது. சக்கரம் தயங்கித் தயங்கி நின்றது.

"சாமி மலையேறிருச்சு" என்றார் மச்சான், பயபக்தியுடன்.

நரிக்குடிக்காரர் லோடு வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "சாமி இருக்கிற மெசின நான் கொண்டுபோயி, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" செல்வி மாவு மெஷினை முன்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

லேத்து தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அத்தை அதற்குச் சூடம் காட்டித் திருநீறு பூசுகிறார். நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்து மட்டமாக்கிய பரப்பில் சாம்பல் விழுகிறது. சனிக்கிழமைதோறும் துடைக்கிறேன். ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால், "சூடத்தக் காட்டுங்க மாப்ள" என்கிறார் மச்சான்.

ஒரு நாள் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, ஃபேனை அணைத்து ஓட்டி, ஃபேனைப் போட்டு நிறுத்தி, உண்மையை விளக்கிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள்.

"இதை அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

அதோடு சரி. இப்போதெல்லாம் விசேஷ வீட்டுக் கூட்டத்தில் நான் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அத்தனை பேருக்கு நடுவில் அவள் சத்தமாகக் கேட்பாள்: "ஏங்க, ஃபேன அமத்தணுமா?"

என்ன ஏதென்று தெரியாமலே எல்லோரும் சிரிப்பார்கள். வேண்டாம் என்று தலையாட்டுவேன். (அணைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.)