மாமனார் வீட்டுப் பம்பும் மாப்பிள்ளை வைத்த வேகமும்

பெண் கேட்டுப் போகிறவர்கள் பழம், பூ, இனிப்பு என்று கொண்டுபோவார்கள். அந்தத் தட்டுகளோடு ஒரு ஸ்பீட் கன்ட்ரோல் பெட்டியையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவன், கோலார் தங்கவயலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (என் அம்மா இன்றைக்கும் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.)

அப்போது எனக்கு ஆண்டர்சன்பேட்டையில் வீடு, பெங்களூரில் வேலை, இரண்டுக்கும் நடுவில் ரயிலில் வாழ்க்கை. மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பெட்டிகளை விற்கும் சின்னக் கம்பெனி அது. அதே ரயிலில் ஊரிகம் ஸ்டேஷனில் எஸ்தர் ஏறுவாள். அவளுக்காக ஜன்னலோர சீட்டில் கைக்குட்டை போட்டு வைக்க ஆரம்பித்தவன், கொஞ்ச நாளில் அவள் வீட்டுக்கே பெண் கேட்டுப் போகும் அளவுக்கு முன்னேறியிருந்தேன்.

தடையாக இருந்தவர் அவளுடைய அப்பா தேவசகாயம். "இருட்டுல போயி இருட்டுல வர்றவன். பொண்ண அவனுக்குக் குடுக்கிறதா, ரயிலுக்குக் குடுக்கிறதா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி.

அவர் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். பூமிக்கு அடியில் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை நிறுத்தாமல் இறைத்து மேலே அனுப்புகிற வேலை. பிறகு சுரங்கத்தை மூடினார்கள், பம்புகளை நிறுத்தினார்கள். அவர் காய வைத்திருந்த லெவல்கள், அதாவது சுரங்கத்தின் அடித்தளங்கள், எல்லாம் ஒவ்வொன்றாக மூழ்கின. அதற்குப் பிறகு அப்பா அதிகம் பேசுவதில்லை என்று எஸ்தர் சொல்லியிருந்தாள்.

அவர் காயலான் கடையில் ஒரு பழைய பம்பை வாங்கி, சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீட்டின் பின்பக்கம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அதன் மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரன்ட் வேண்டும். வீட்டிலோ ஒரே ஃபேஸ். ஆகவே அது ஒரு நாளும் ஓடியதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் எண்ணெய் போட்டு, கையாலேயே சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடுவார். எஸ்தர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக் கரன்ட்டை வாங்கி மூன்று ஃபேஸாக மாற்றித் தருவதுதான் எங்கள் கம்பெனிப் பெட்டி செய்கிற வேலையே. மாமனாரை மடக்க வழி கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் மேளமே அடித்தேன்.

குறித்த நாளில் நானும் அம்மாவும் தட்டுகளோடு போனோம். தேவசகாயம் சரி என்று சொன்னால் உடனே ஜெபம் செய்து பேச்சை முடித்து வைக்க பாஸ்டர் வெள்ளை வெளேரென்று வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் பாஸ்டர்.

தேவசகாயம் என் மடியில் இருந்த துண்டு மூட்டையைப் பார்த்தார். "அது இன்னா தம்பி?"

சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். "இருங்க பாஸ்டர். முதல்ல பம்பப் பார்த்துட்டு வந்துடலாம்."

செய்தி எப்படித்தான் பரவியதோ, நான் ஒயரை இணைத்து முடிப்பதற்குள் லைனில் இருந்த பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். பாதிப் பேர் சுரங்கத்தில் பம்ப் பார்த்தவர்கள். மீதிப் பேர் அவர்களைக் குறை சொன்னவர்கள். தரைத்தொட்டியில் இருந்து இழுக்கும் தண்ணீரை மேலே இரும்பு ஸ்டாண்டில் இருந்த டேங்குக்கு ஏற்ற வேண்டும். பம்பின் வாயையும் மேலே போகும் பைப்பையும் ஒரு ரப்பர் ஹோஸால் இணைத்து, கம்பி சுற்றி முறுக்கினேன். (இந்தக் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. "வேகம் ரெண்டு மடங்கானா தண்ணி ஏறுற உயரம் நாலு மடங்கு ஆகும். மோட்டார் மேல விழுற சுமை எட்டு மடங்கு. அதனால எந்த வேகத்துல ஓட்டுறோம்ங்கிறதுதான் முக்கியம்" என்று பாடம் எடுத்தேன்.

"அதெல்லாம் எங்களுக்கு வாணாம்பா. ஓடுமா, ஓடாதா?" என்றார் ஒருவர்.

எஸ்தரின் அம்மா பம்புக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பெட்டியில் இருந்த வேகக் குமிழைப் பாதி வரை திருகினேன். பம்ப் உறுமியது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. நான் சொன்ன கணக்குப்படியே பாதி வேகத்தில் கால்வாசி உயரம்தான் ஏறும். பைப்பின் நடுவில் எங்கேயோ தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். டேங்கில் சொளசொளவென்று விழுந்தது.

யாராவது கை தட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன்.

"கீழ எல்லாம் ஃபுல் ஸ்பீட்தான் தம்பி" என்றார் கண்ணைத் திறக்காமலே. "கொறைச்சு ஓட்டனா தண்ணி நம்மள முழுங்கிடும்."

ஃபுல் ஸ்பீடுக்குத் திருகினேன். ஹோஸ் விறைத்தது. "இன்னும் வை, இன்னும் வை" என்றது கூட்டம். எங்கள் பெட்டி ஃபுல் ஸ்பீடுக்கு மேலேயும் போகும். போகும் என்பதற்காகப் போக வேண்டும் என்றில்லை, இதைப் படித்தவன்தான் நான். இருந்தும் கல்யாண ஆசை கண்ணை மறைக்க, கடைசி வரை திருகினேன்.

கம்பி அவிழ்ந்தது. ஹோஸ் சாட்டை மாதிரி சுழன்று எழுந்து, முதல் அடியாக என் அம்மாவின் பட்டுப்புடவையையும் இரண்டாவதாக அவர் கையில் இருந்த பழத்தட்டையும் கவனித்துவிட்டு, பின்வாசலில் நின்று எட்டிப்பார்த்த பாஸ்டரைத் தலை முதல் கால் வரை நனைத்தது. பென்ஷன்காரர்கள் நாற்காலிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். நான் ஒருவன் மட்டும் ஓடாமல் ஹோஸின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாரி! பிளக்கப் புடுங்குங்க" என்று நான் கத்துவதற்குள் எஸ்தர் புடுங்கிவிட்டாள்.

"பைப் வெடிச்சும் ஓடாம நின்னான் பாரு" என்று ஒரு கிழவர் தூரத்திலிருந்து மெச்சினார். ஓடாமல் நின்றதற்குக் காரணம் வேறு. அவிழ்ந்த கம்பி என் புது பேன்ட்டின் கால்மடிப்பைக் குத்திக் கோத்திருந்தது. ஓடியிருந்தால் பேன்ட் அங்கேயே நின்றிருக்கும்.

தேவசகாயம் சொட்டச் சொட்ட என்னிடம் வந்தார். குனிந்து, யாருக்கும் தெரியாமல், அந்தக் கம்பியை மெதுவாக எடுத்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, "பாஸ்டர், ஜெபத்த ஆரம்பிங்க" என்றார்.

பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் பிழிந்துகொண்டிருந்தார். (பிழிய முடியாதுதான். அவர் முயன்றுகொண்டிருந்தார்.) "நம்ம சபையில தலையில தண்ணி தெளிக்கிற ஞானஸ்நானம்தான் தம்பி. நீங்க முழுக்கே குடுத்துட்டீங்களே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்கு நான் போனாலும் யாராவது ஒருவர் வெயிலில்கூடக் குடையை விரிப்பார். எங்கள் கல்யாணத்தில் அதைத் தொடங்கி வைத்தவர் பாஸ்டர். இப்போது என் மகள் விரிக்கிறாள்.

பம்ப் இன்றும் ஓடுகிறது. கல்யாணம் முடிந்த கையோடு மாமா ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுத்து, நான் தொடமுடியாதபடி குமிழின் மேல் எம்-சீல் பசையை அப்பிவிட்டார். ஃபுல் ஸ்பீட் ஃபுல் ஸ்பீட் என்ற மனிதர் வைத்திருப்பது, தண்ணீர் டேங்கின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் விழுகிற வேகம். போன வாரம் போயிருந்தபோதும் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட ரெண்டு பென்ஷன்காரர்கள்.

எனக்குத் தொழில் புத்தி அடங்கவில்லை. "மாமா, இது தப்பான ஸ்பீட். கரன்ட் வீண். இந்த வேகத்துல டேங்க் ரொம்பறதுக்கு இவ்ளோ நேரம் ஆவுது பாருங்க."

அவர் பம்பின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரொம்பிட்டா நிறுத்தணுமே மாப்ள" என்றார்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.