படத்தில் வராத யானைக்கு ஒரு பரிசு

“...அந்த யானைய நம்மள்ல ஒருத்தரும் பார்க்கல! பார்த்தது ஒரே ஒருத்தருதான். அவரு இன்னிக்கி இங்கதான், முன் வரிசையில, பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்திருக்காரு!”

லாம்பு அண்ணன் மேடையில் நின்று இப்படிச் சொன்னபோது, நாற்காலிக்கு அடியில் புகுந்துவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. அந்தக் காலத்திலேயே எனக்குத் தொந்தி உண்டு.

தினம் மூன்று காட்சி, வருஷம் முழுக்கக் கொட்டகைக்குள்ளேயே இருந்தும் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்காத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் மலாக்காவில், எங்கள் காஜா பெராங்கில் இருந்தார். டார்ச் அடித்து இடம் காட்டுவது அவர் வேலை. விளக்கை லாம்பு என்றே சொல்லிப் பழகிய ஊர் எங்களுடையது. ஆகவே அவர் லாம்பு அண்ணன். சொந்தப் பெயரை அவருடைய சம்சாரமே மறந்திருக்கக்கூடும்.

எல்லோரையும் உட்கார வைத்ததும் மனிதர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றுவிடுவார். அவர் பார்ப்பது ஜனங்களின் முகத்தை. எங்கேயாவது விசும்பல் கேட்டால் போதும், டார்ச் அங்கே போய்ப் பளிச்சென்று விழும். “படம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் கிராணி. மூஞ்சிதான் காட்சிக்குக் காட்சி மாறும்” என்பார். கிராணி என்றால் குமாஸ்தா; அது நான்தான். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்த அன்றும் அவர் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். “தேதி நாளைக்குப் பேப்பர்ல வரும். இந்த மூஞ்சிங்க வருமா?” என்று என்னைக் கேட்டார். நான் முன்னால் நின்றவரின் குடையை மட்டுமே பார்த்துக்கொண்டு, எதற்கு என்று தெரியாமலே கை தட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவர் சினிமா விருது விழா நடத்தினால் எப்படி நடத்துவார்? வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சிக்கு முன்னால், கொட்டகை முதலாளியான சீனத் தௌக்கேயிடம் அரை மணி நேரம் கெஞ்சி வாங்கி நடத்துவார். பரிசெல்லாம் படம் பார்த்தவர்களுக்கு. “நடிக்கிறவனுக்குச் சம்பளம் இருக்கு. அழுவுறவனுக்கு என்னா இருக்கு?” என்பது அவர் கட்சி.

சிறந்த சிரிப்பு, சிறந்த விசில், நடிகருக்கு முன்னாலேயே வசனத்தைச் சொல்லிவிடும் திறமை என்று வரிசையாகப் பரிசு உண்டு. சிறந்த அழுகை மட்டும் வருஷா வருஷம் சிட்டி வீட்டு அக்காவுக்குத்தான். மலாக்காவின் பழைய செட்டி வம்சம்; நெற்றியில் திருநீறு, உடுப்பு மலாய்க்காரர்களின் கெபாயாச் சட்டை, பேச்சு முழுக்க மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி பெயர்கள் மட்டும்தான். ஆனால் கதாநாயகி மூக்கை உறிஞ்சுவதற்கு முன்னாலேயே, “கெசியான், கெசியான்” என்று பாவப்பட்டுத் தேம்ப ஆரம்பித்துவிடுவார். “பாஷை புரிஞ்சா கண்ணு காஞ்சிரும்லா” என்பது லாம்பு அண்ணனின் தீர்ப்பு.

பரிசுப் பொருள்கள்? கொட்டகையில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போனவைதான். என் பக்கத்து வீட்டுக்காரர் சிறந்த விசிலுக்காகத் தன்னுடைய குடையையே பரிசாக வாங்கிக்கொண்டு, குரல் தழுதழுக்க நன்றி சொன்னார்.

கடைசிப் பரிசுதான் பயங்கரம். சிறந்த தூக்கம். அதற்கு ஒரு குழந்தைத் தலையணை. செங் என்ற ஊர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் அதை வாங்கினார்; அன்றிலிருந்து அவர் பெயர் தலகாணி. லாரியை நிறுத்துகிற இடமெல்லாம், “என்னா தலகாணி, பசியாறியாச்சா?” என்று கேட்டார்கள்.

இப்போது என்னைப் பற்றி. பகலில் ஒரு கம்பெனியில் கிராணி. மற்ற நேரத்தில் சினிமா விமர்சகர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மிச்சத் தமிழைக் கோப்பிக்கடைப் பத்திரிகைகளில் பொறுக்கிக்கொண்டேன். அதே மாதிரிப் பத்திரிகை ஒன்றில் என் விமர்சனம் வரத் தொடங்கியதும் என் நடையே மாறிவிட்டது. எழுத்து நடை இல்லை, கால் நடை. சட்டைப் பையில் பேனா வெளியே தெரிய, கொஞ்சம் சாய்ந்து நடப்பேன். என் மனைவி ஒவ்வொரு விமர்சனத்தையும் வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அவள் கட்டிக்கொண்டது கிராணியை அல்ல, விமர்சகரை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் ஒரு குடும்பப் படம் வந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை, வீட்டில் ஆட்டுக்கறி, கொட்டகையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம். இடைவேளை வரைக்கும் நினைவிருக்கிறது. பிறகு ஒரு யானை வந்தது. கொட்டும் மழையில் ஒரு வீட்டு முன்னால் மண்டியிட்டு, சாத்திய கதவைத் தும்பிக்கையால் மெல்லத் தட்டியது. கண் விழித்தபோது ஜனங்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். நான் நேரே வீட்டுக்குப் போய், பென்சிலால், ‘அந்த யானை கதவைத் தட்டும் காட்சி கல்நெஞ்சையும் கரைக்கும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். என் மனைவி அதைப் படித்து அழுதாள்.

படத்தில் யானையே கிடையாது.

அடுத்த ஞாயிறு செங்கிலிருந்தும் புக்கிட் காதிலிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். படம் முடிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“யானை எங்கலா?”

“பேப்பர்ல போட்டிருக்கே! வெட்டிட்டீங்களா?”

“மானா காஜா? மானா காஜா?” என்று சிட்டி வீட்டு அக்கா யானை எங்கே என்று மலாயில் கேட்டுக் கேட்டு, அது வராததற்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தார். தௌக்கே வெளியே வந்துவிட்டார். வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

லாம்பு அண்ணன் ஒரு பெஞ்சின் மேல் ஏறினார்.

“நம்ம ஊரு பேரு என்னா?”

“காஜா பெராங்!”

“அப்படின்னா?”

“கோவக்கார யானை!”

“அதான்லா! கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு. சமாதானமானா தானே வரும். நீங்க வீட்டுக்குப் போயி பசியாறுங்க!”

கொட்டகை குலுங்கச் சிரித்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. அவர் நேரே பலகைக்குப் பின்னால் வந்து என் முகத்தில் டார்ச் அடித்தார்.

“யானை எப்ப வந்துச்சு கிராணி?”

“இடைவேளைக்கு அப்புறம் அண்ணே...”

“ஓ. நீங்க வாயத் தொறந்துக்கிட்டு இருந்தீங்களே, அப்பவா?”

திரைக்கு முதுகைக் காட்டி நிற்கிறவருக்கு என் முகம் தெரியாமல் இருக்குமா? வருஷக் கடைசிக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் தினமும் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். விழாவைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஒரு நாள் மட்டும் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நல்லா கெட்டியா இருக்கு கிராணி. நீங்களும் குடிங்க. தூக்கம் வராது” என்றார்.

விழா அன்று வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். என் மனைவி புதுப் புடவையில் வந்து நின்றாள்.

“விமர்சகர் இல்லாம விருது விழாவா? கெளம்புங்க.”

விமர்சகர் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன். இனி அவள் வாயிலிருந்து அது வரப்போவதில்லை. தலகாணி பெண்டாட்டி என்று அவளை ஊர் கூப்பிடப் போகிறது. எல்லாப் பரிசும் முடிந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். லாம்பு அண்ணன் யானைப் பேச்சை எடுத்தார்; டார்ச் வெளிச்சம் வரிசையில் ஊர்ந்து வந்து என் மேல் நின்றது.

மேடை ஏறினேன். அவர் கை பைக்குள் போனது. தலையணை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கையில் ஏதோ மெல்லியதாகப் பட்டது. என் பேனா! அலுவலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த, காணாமல் போன என் பேனா.

“சிறந்த கதைக்குப் பரிசு!” என்று கத்தினார் லாம்பு அண்ணன். “படம் எடுத்தவனுக்கே தோணாத காட்சி நம்ம கிராணிக்குத் தோணிச்சு. நானும் எத்தனையோ படத்துக்கு உங்க மூஞ்சியப் பார்த்திருக்கேன். அந்த யானை வரும் வரும்னு காத்திருந்தீங்களே, அந்த மாதிரி மூஞ்சிய எந்தப் படமும் எனக்குக் காட்டலலா!”

கைத்தட்டல் ஓய நேரமாயிற்று. “அப்ப அது நீங்களே எழுதினதாங்க?” என்று முன் வரிசையிலிருந்து என் மனைவி கேட்டாள். அந்தக் குரலில் இருந்தது கோபமா பெருமையா என்று விசாரிக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

லாம்பு அண்ணன் என் காதோரம் குனிந்தார். “ஒங்க சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. மூடியக் கழட்டவே இல்ல. அடுத்த தடவை கழட்டிட்டுத் தூங்குங்க.”

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் கண்ணும் மூக்கும்தான் ஒழுகின. “கெசியான்!” என்றார் சிட்டி வீட்டு அக்கா, கொட்டகைக்கே கேட்கும்படி. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்க எம்பினார்கள்.

அழுகிற முகம் எங்கே என்று தேடித் தேடி வெளிச்சம் அடித்த லாம்பு அண்ணன், சட்டென்று டார்ச்சை அணைத்தார்.