சாதாரணப் பயணி, நிரந்தரப் பணியிடம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த பூவரசன் அண்ணன் சொன்னது. அவர் ஓர் அலுவலக உதவியாளர். சம்பவத்தன்று ரயிலில் குறட்டை விடுவதற்காக நியமிக்கப்பட்டிருந்தார். ஆகவே அவர் கண்ணை மூடியிருந்த பகுதிகளுக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் என்பவர், பெங்களூரிலிருந்து தெற்கே போகும் ரயிலில், ஸ்லீப்பர் வகுப்பில், சாதாரண மக்களோடு பயணம் செய்ய ஆசைப்படுவதாக இணையத்தில் எழுதிவிட்டார். பயண அனுபவ மேம்பாட்டுத் துறை அவசரமாகக் கூடியது. சாதாரண மக்களை நம்பி ஒரு வெளிநாட்டவரை ஒப்படைப்பது உசிதமல்ல என்று ஒருமனதாக முடிவானது. எனவே தருமபுரியில் அவருடைய பெட்டியில் துறை ஊழியர்கள் ஏறி, சாதாரண மக்களாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. சிலர் புளிசோறு கொடுக்க வேண்டும். ஒருவர் சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும். அழுவதற்குக் குழந்தை கிடைக்காததால், தட்டச்சர் ஒருவர் செல்போனில் அழுகையைப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

ஒரே ஓர் இடையூறு. நிர்மலா என்ற பெண் உண்மையான டிக்கெட்டோடு வந்துவிட்டார். ஏரியூர்க்காரர், எம்.எஸ்சி. வேதியியல். மறுநாள் காலை மதுரையில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். நன்றாகத் தூங்கி எழுந்து போக வேண்டும் என்றுதான் கீழ் பெர்த் எடுத்திருந்தார். அதில் பூவரசன் அண்ணன் குறட்டைக்குத் தயாராகப் படுத்திருந்தார்.

"அண்ணா, இது என் பெர்த்துங்க."

சிறப்பு அலுவலர் மாதவராஜ் குறுக்கே வந்தார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா. இது சாதாரணப் பயணிங்களுக்கு ஒதுக்குன இடம்."

"நானும் சாதாரணப் பயணிதானுங்க சார்."

"நீங்க உண்மையான பயணி. எங்களுக்கு வேணுங்கறது பயணி மாதிரி தெரியறவங்க. நீங்க பயிற்சிக்கு வரலியே."

"படுத்துத் தூங்கறதுக்கு என்னங்க சார் பயிற்சி?"

"பாத்தீங்களா, தூங்குவேங்கறீங்க. டூட்டியில யாரும் தூங்கக் கூடாது. பூவரசனே முழிச்சுக்கிட்டுதான் குறட்டை விடப் போறாரு."

"காலையில இண்டர்வியூ சார். தூங்கலைன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது."

"நாட்டோட பேரைப் பாருங்கம்மா."

நாட்டின் பேருக்காக நிர்மலா, முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை ஓரமாகப் போய் நின்றார்.

சேலம் வருவதற்குள் ஹென்ரிக்குக்கு எல்லாத் திசையிலிருந்தும் புளிசோறு வந்துவிட்டது. குழந்தையே இல்லாத பெட்டியில் குழந்தை அழுதது. சேலத்தில் காற்று வாங்கக் கீழே இறங்கிய ஹென்ரிக், வண்டி நகர்ந்ததும் எதிரே வந்த முன்பதிவில்லாப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி ஆணை வராததால், அவருடைய காலி பெர்த்துக்கு எதிரே விடியும்வரை குறட்டை தொடர்ந்தது.

நிர்மலா ஒதுங்கி அவருக்கு நிற்க இடம் கொடுத்தார். அவர் நன்றி சொல்லிவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "நீங்கள் எந்தத் துறை?"

"டிக்கெட் எடுத்த துறை" என்றார் நிர்மலா.

தன் வாழ்நாளின் சிறந்த ரயில் பயணம் இதுவே என்று ஹென்ரிக் எழுதினார். துறை அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு, சாதாரணப் பயணி பணியிடங்களை நிரந்தரமாக்கியது. நிர்மலா நேர்காணலில் தனிமங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கி, ஹீலியத்தில் தூங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் துறையில் விண்ணப்பித்தார். தேர்வாகிவிட்டார்.

கேட்டதைச் சரிபார்க்காமல் அப்படியே எழுத எனக்குப் பயம். போன மாதம் மதுரையில் எனக்கும் ஒரு நேர்காணல் வந்ததால், அதே ரயிலில் கீழ் பெர்த் எடுத்தேன். அதில் நிர்மலா அக்கா படுத்திருந்தார்.

"அக்கா, இது என் பெர்த்துங்க."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க தம்பி. நீ உண்மையான பயணி."

நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எழுந்திருக்கவில்லை.

கழிவறை ஓரம் நின்றுகொண்டே தூங்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முடிகிறது. கண் விழித்தபோது மதுரை போய் விருதுநகர் வந்திருந்தது.

இது முன் அனுபவமாகச் செல்லுமா என்று துறையில் விசாரித்தேன். செல்லுமாம்.