பூநாரைகளின் நலன் கருதி

உலகில் பறவை இனம் இன்னும் பூண்டோடு அழியாமல் இருப்பதற்குக் காரணம் எங்கள் கும்மிடிப்பூண்டி நீர்ப்பறவை ரட்சிப்புச் சங்கம்தான். துணைத் தலைவரான நான் வேறு எப்படிச் சொல்வேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

தலைவர் ஆதிகேசவன் வெல்டிங் ராடு கம்பெனி முதலாளி. போன வருடம் காரில் போகும்போது, பழவேற்காடு ஏரிச் சேற்றில் பூநாரைகள் ரோஸ் கலரில் நிற்பதைக் கண்டு நெஞ்சுருகிப் போனார். அந்த வாரமே சங்கம் பிறந்தது. பறவை பார்க்கக் கோபுரம் கட்டுவதென்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம். எங்கே கட்டுவது?

"பறவை எங்க ஜாஸ்தி நிக்குதோ, கரெக்டா அங்க," என்றார் தலைவர். "கஸ்டமர் இருக்கிற எடத்துலதானே கடை போடணும்?"

இந்த 'அறிவியல் நோக்கு'க்குக் கிடைத்த கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

சேற்றின் நட்டநடுவில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டினோம். ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து வயிறு வளர்க்கும் சாராள் என்ற பெண்ணை, பறவைகளின் நலன் கருதி, வெளியேற்றினோம்.

"நானும் அதுங்களும் பக்கத்துல பக்கத்துலதான் மேஞ்சிக்கினு கீறோம். ஒரு பேஜாரும் இல்ல மேடம்," என்றாள்.

"நீ இருந்தா அதுங்க பயப்படும்மா!" என்று செயலாளர் நந்தினி ஜெனரேட்டர் சத்தத்தை மீறிக் கத்தினார்.

திறப்பு விழாவுக்குச் செண்டை மேளம், சரவெடி. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு ஆளுயர மாலை. தலைவர் கோபுரமேறி பைனாகுலரைத் தூக்கினார். ஒரு பறவை இல்லை.

"செகண்ட் ஷிப்ட்டுக்கு வரும்போல," என்றார்.

எந்த ஷிப்ட்டுக்கும் வரவில்லை. வடக்கே அடுத்த சேற்றில் மேய்வதாகத் தகவல் வந்தது. சாராளும் அங்கேதான். சங்கம் சும்மா இருக்குமா? மறுபடி கிராவல், மறுபடி கோபுரம், மறுபடி சாராள் வெளியே. இந்த முறை வெடியை மட்டும் குறைத்துக்கொண்டோம். இயற்கைமீது எங்களுக்கு அவ்வளவு அக்கறை.

பறவைகள் அதையும் மதிக்கவில்லை. மூன்றாவது கோபுரத்துக்குக் கிராவல் லாரிகள் தயார், இடம்தான் தெரியவில்லை. சாராளைக் கூட்டத்துக்கு வரவழைத்தோம். முழங்கால்வரை ஈரச் சேற்றோடு வந்தாள். நந்தினி அவசரமாகப் பேப்பர் விரித்தார்.

"பறவைங்க எங்கம்மா போச்சு?" என்றார் தலைவர்.

"எனுக்கு இன்னா தெரியும் சார்?"

"சும்மா சொல்லு. டவர்ல வாட்ச்மேன் வேலை தரேன். மேல நின்னு பார்த்துக்கினே இருக்கலாம்."

"இன்னாத்த? கிராவலையா?"

"அதுங்களைக் காப்பாத்தணும்மா!"

"அதான் சார் பயமா கீது. எடத்தச் சொன்னா அங்கயும் வந்து காப்பாத்திடுவீங்க. அதுங்களுக்கு றெக்க கீது, பறந்துடும். நான் எங்க போவேன்?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது தகவல் உண்டா?"

உண்டு. மீஞ்சூரிலிருந்து வரும் வழியில், ஒரு வளைவுக்குப் பின்னால், அன்று காலையில்தான் கண்ணாரப் பார்த்தேன். ஒரு கூட்டம் பூநாரை. நடுவே சாராளின் குனிந்த முதுகு.

"ஆந்திரா பக்கம் போயிட்டதா கேள்வி," என்றேன்.

சாராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் சங்கம் இதுவரை செய்த பறவைப் பாதுகாப்பு அந்தப் பொய் ஒன்றுதான்.